அரைஞாண் கயிற்றில் கட்டிய தூண்டில்

உயிரோடு இருக்கிற கணவனின் அரைஞாண் கயிற்றை ஒரு பெண் தன் கையால் அறுக்கலாமா? வேங்கிக்கால் ஏரியில் அந்தக் கேள்வி எழுந்தபோது அங்கே நின்றிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லம்மாளுக்கும் தெரியவில்லை. ஆனால் கத்தி அவள் கையில் இருந்தது.

எல்லம்மாள் சித்தாள். வேங்கிக்காலில் புதிது புதிதாக எழும்பிய வீடுகளுக்குக் கலவை சுமந்தாள். அவள் கணவன் வேடியப்பன் கொத்தனார். சாரத்தில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கால் நடுங்கும். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். பஸ் ஹார்ன் கேட்டால் சாக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவாள். ஆனாலும் ஒரு சட்டிக் கலவையைக்கூட அவள் கீழே போட்டதில்லை. "பயந்துகினே எல்லா வேலையும் முடிச்சிடும்பா இது" என்று மேஸ்திரி சிரிப்பார்.

எழுபத்தேழில், ஐப்பசி முழுக்கப் பெய்த மழையில் ஏரி நிரம்பிக் கோடி போனது. கோடி என்பது மிஞ்சின தண்ணீர் வழிந்து இறங்கும் கற்சுவர். அதன் மறுபக்கம் ஆழமான மடு. வழியும் தண்ணீரை எதிர்த்துச் சின்ன மீன்கள் துள்ளித் துள்ளி ஏறப் பார்க்கும். அவற்றை விழுங்குவதற்கென்றே பெரிய பெரிய வாளை மீன்கள் மடுவில் காத்திருக்கும்.

மறுநாள் பெரிய கோயிலில் தீபத் திருவிழாவுக்குக் கொடியேற்றம். அது ஆகிவிட்டால் தீபம் முடியும்வரை பல வீடுகளில் கவுச்சி கிடையாது. அதனால் அன்று மத்தியானம் பாதி ஊர் கோடிச் சுவரின் மேல் தூண்டிலோடு நின்றது. தோளோடு தோள் இடித்தது. சுவரில் பச்சைப் பாசி. கணுக்கால் தண்ணீர் எல்லோரையும் மடுவின் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது.

"வேடியப்பா, உன் தூண்டி என் தூண்டிய கட்டிக்கிச்சுடா. தாலி வாங்கினு வரட்டா?" என்றார் பக்கத்தில் நின்ற சடையன். சுவர் முழுக்கச் சிரித்தது.

எல்லம்மாள் சிரிக்கவில்லை. கரையோரம் உட்கார்ந்து, இரைக்குத் தவளைக்கால் நறுக்கிக்கொண்டிருந்த அவள், கணவனின் இடுப்பையே பார்த்தாள். தூண்டிலின் நைலான் நரம்பின் முனையை அவன் அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தான். கோடியில் பல பேர் அப்படித்தான் செய்வார்கள். பாசி வழுக்கினால் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டுமே.

"இன்னாங்க, அத்த அவுத்துடுங்க. கையில புடிச்சிக்கங்க."

"போன வருசம் கையில புடிச்சேன். மீனும் போச்சு, மூங்கிலும் போச்சு. ஒரு மாசம் என்ன ஓட்னானுங்க. நீ கம்முனு குந்து."

அவள் கம்மென்று இருந்தாள். ஆனால் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

மீன் கடித்தது யாருக்கும் தெரியவில்லை. வேடியப்பன் ஒரு எட்டு முன்னால் போனதுதான் தெரிந்தது. யாரோ அழைத்ததுபோல, இடுப்பை முன்னால் தள்ளிக்கொண்டு போனான். அடுத்த எட்டில் கால் வழுக்கியது. சுவரின் விளிம்பைத் தாண்டி விழுந்தவன், ஓரத்தில் நட்டிருந்த குத்துக்கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். உடம்பு மடுவின் பக்கம் தொங்கியது. தண்ணீர் அவன் தலைமேல் வழிந்தது.

சடையன் குப்புறப் படுத்து அவன் தோளைப் பிடித்தார். "தூக்குங்கடா" என்றார். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஆள் மேலே வரவில்லை. கீழே மீன் நரம்போடு பாறையைச் சுற்றிவிட்டது போலிருந்தது. நரம்பு விறைத்து நின்றது. அதைத் தேடிப் பிடிக்கவும் வழியில்லை. முடிச்சு அவன் வயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. முதுகுப் பக்கம் ஏறிவந்த கறுப்புக் கயிறு மட்டும் கைக்கு எட்டியது.

பிளேடு வைத்திருந்த ஒருவன் குனிந்தான். கயிற்றைத் தொட்டான். உடனே கையை எடுத்துக்கொண்டான்.

"அர்ணாக்கவுறுப்பா. உசுரோட இருக்கறவனுக்கு அறுக்கக்கூடாது. எனக்கு வேணாம் அந்தப் பாவம்."

யாரும் அவனைத் திட்டவில்லை. எங்கள் பக்கம் ஆணின் இடுப்புக் கயிற்றை அறுப்பது, பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான். நைந்துபோனால்கூடப் புதுசைக் கட்டிய பிறகே பழசைக் கழற்றுவார்கள்.

"நரம்பத் தேடுங்கடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கே தேடுவது? தண்ணீர் வேடியப்பனின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

எல்லம்மாள் சுவரின் மேல் ஏறினாள். ஈரத் தரையில் நடக்கவே சுவர் தேடுகிறவள், யாரையும் பிடிக்காமல் பாசியில் நடந்துவந்தாள். அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டது. குப்புறப் படுத்துக் கணவனின் முதுகோடு கையை இறக்கினாள். கத்தி கயிற்றில் பட்டதும் அவன் தலையை நிமிர்த்தினான்.

"வேணாம். எல்லம்மா, வேணாம்."

அவன் சாவுக்குப் பயந்தானா, கயிறு போவதற்குப் பயந்தானா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அவள் பயந்துகொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அறுத்தாள்.

கயிறு நரம்போடு மடுவுக்குள் போனது. சடையன் பின்னால் சாய்ந்து விழ, அவர்மேல் வேடியப்பன் வந்து விழுந்தான்.

கரையில் உட்கார்ந்து தண்ணீரைக் கக்கி முடித்ததும், அவன் முதல் காரியமாக வெறும் இடுப்பைத் துண்டால் மூடினான். வயிற்றில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தார்கள். எல்லம்மாள் தன் புடவை முந்தானையின் ஓரத்தைக் கிழித்து அவன் இடுப்பில் கட்டினாள். முடிச்சு விழவேயில்லை. கடைசியில் சடையன்தான் முடிச்சுப் போட்டார்.

அவர்களுக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. மாமியார் ராஜம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யார் அறுத்தது?"

"நாந்தான் அத்தை."

"ஆம்பளைங்க இத்தினி பேரு இருந்தாங்களே, அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கும் அதே பயந்தான் அத்தை. அவரு வாயில தண்ணி போச்சு. நான் வேற இன்னா பண்றது?"

ராஜம்மாள் மகனின் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வழியைவிட்டு விலகினாள். மறுநாள் கொடியேற்றத்துக்குப் போனவள் புதுக் கறுப்புக் கயிறு வாங்கிவந்து, அதை மகனிடம் கொடுக்காமல் மருமகளிடம் நீட்டினாள். "நீயே கட்டு" என்றாள்.

அப்படியும் எல்லம்மாளின் பயம் தீரவில்லை. வேடியப்பன் தும்மினால் சோற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவனைச் சாரத்தில் ஏறவிடாமல் மேஸ்திரியிடம் சண்டை போட்டாள். தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே அண்ணாந்து கைகூப்பியது. அவள் மட்டும் பக்கத்தில் நின்ற கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஏழு வருஷம் ஆகிறது. வேடியப்பன் நன்றாக இருக்கிறான். செங்கம் ரோட்டில் சுவர் எழுப்புகிறான், கோடிப் பக்கம் மட்டும் போவதில்லை. ஆனால் மற்றவர்கள் போகிறார்கள். போன மழையிலும் இடுப்பில் நரம்பைக் கட்டிக்கொண்டு நாலைந்து பேர் நின்றதை நான் பார்த்தேன். சொன்னேன், சிரித்தார்கள். வயசான என் பேச்சை அவர்கள் கேட்கமாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்கக்கூடும். உங்கள் ஊர் ஏரி நிரம்பும்போது, தூண்டிலோடு கிளம்புகிற யாரையாவது நிறுத்தி எல்லம்மாளின் கதையைச் சொல்லுங்கள். கேட்டவரை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.