இடப்பக்கப் பின்சக்கரம்

முப்பத்து நான்கு வயது வரை என் தம்பி ஓர் அமெரிக்கக் காரைத் தொட்டதில்லை. தொடாமலே அதன் ஒவ்வொரு உறுப்பையும் அறிந்து வைத்திருந்தான். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடக்கும் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பொறுக்கி வருவான். ஆங்கிலம் அவனுக்கு வகுப்பில் ஏறவில்லை, அந்தப் பத்திரிகைகளில் ஏறியது. தெரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு மறுநாள் வாத்தியாரிடம் கேட்பான். "கார்புரேட்டர்னா என்னன்னு உன் தம்பி என்கிட்ட கேட்டான்மா. எனக்குத் தெரியல. அடுத்த வாரம் அவனே வந்து எனக்குப் படம் போட்டு விளக்கினான்" என்று அவர் என்னிடம் சொன்னார். நான் எட்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அதைக் கேட்டு மூன்று நாள் என் கால் தரையில் பாவவில்லை.

பிறகு அவன் மெக்கானிக் ஆனான். பன்னிரண்டு வருடம் முன்பு இப்போதைய ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். கார் சீட்டுக்கு உறை தைக்க ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது என்னையும் அழைத்துக்கொண்டான். ஷெட்டின் பின்மூலையில் என் மெஷின். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய கைகளும் தெரியும். கைகளைப் பார்ப்பது என் பழக்கம். என் தம்பியின் கை ஒரு நட்டை முதலில் விரலால் மட்டுமே திருகும், அது தானாக நிற்கும் இடம் வரை. அதற்குப் பிறகுதான் ஸ்பானரை எடுப்பான். அவசரக்காரனுக்கு அந்தப் பழக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரைநாள் வேலை. வேலை முடிந்ததும் ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிப் போட்ட பின்சீட்டில் மூன்று பேர் உட்காருவார்கள். ஒருவன் என் தம்பி. இன்னொருவன் பெயிண்டர். இத்தாலியக் கார் என்றால் உயிரை விடுவான் என்பதால் அவனுக்கு இத்தாலி என்றே பெயர். மூன்றாமவன் எலெக்ட்ரீஷியன். அவன் ஜப்பான். இருவரும் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை.

"உன் அமெரிக்க வண்டி நேர் ரோட்டுல சிங்கம்டா. வளைவு வந்தா? லாரி! திரும்பலாமா வேணாமான்னு யோசிச்சுட்டுத்தான் திரும்பும்" என்பான் இத்தாலி.

"உன்னுது நல்லாவே திரும்பும். கிளம்பினாத்தானே திரும்புறதுக்கு?"

"அழகுக்குக் கொஞ்சம் காத்திருக்கணும் தம்பி. பன்னெண்டு சிலிண்டரும் சேர்ந்து பாடும்போது நீ பெட்ரோல் கணக்கு கேப்பே, ரசனை கெட்டவனே."

ஜப்பான் எப்போதும் கடைசியில்தான் வாயைத் திறப்பான். "நீங்க அடிச்சுக்கங்க. அதுக்குள்ள நான் ரெண்டு லிட்டர் இன்ஜின்ல போய்ட்டுத் திரும்பி வந்துடறேன்."

"அது இன்ஜினாடா? மிக்ஸி!" என்பான் என் தம்பி.

"மிக்ஸிதான். ஒன்பதாயிரம் சுத்து சுத்தும். உன் எட்டு சிலிண்டர் ஆறாயிரத்துலயே மூச்சு வாங்கும். தினம் காலையில சாவி போட்டா எதிர்த்து ஒரு கேள்வி கேக்காது. எங்க வீட்டுல அப்படி ஒருத்தர்கூட கிடையாது."

முதலாளி ஜெர்மன் கட்சி. அறைக்குள்ளிருந்தபடியே குரல் கொடுப்பார். "ஜெர்மன்காரன் இன்ஜினைத் தப்பான இடத்துல, பின்னாடி வச்சான். வச்சுட்டு வருஷக்கணக்கா அந்தத் தப்பைத் திருத்திட்டே இருந்தான். இப்ப அவனை ஜெயிக்க ஆள் இல்ல. நீங்க வாய் பேசியே ஜெயிச்சுடுவீங்க, போங்கடா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு சக்கர நட்டில் வந்து நின்றது. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு தலைகீழாகத் திரும்பும், எல்லா நட்டும் முடுகும் திசையில் அது கழலும் என்றான் தம்பி. சக்கரம் சுற்றும் வேகத்தில் தானாகக் கழலாமல் இருக்க அப்படிச் செய்தார்களாம். நட்டு ஏறும் மரையாணியை ஒர்க்‌ஷாப்பில் ஸ்டட் என்பார்கள். அப்படிப்பட்ட ஸ்டட்டின் முனையில் அடையாளத்துக்கு 'எல்' என்ற எழுத்து பொறித்திருக்கும் என்றும் சொன்னான்.

"புத்தியுள்ள எவனும் அப்படி நட்டு செய்ய மாட்டான்" என்றான் இத்தாலி. "நீ உன் கையால அப்படி ஒண்ணைக் கழட்டிக் காட்டு. நான் மீசையை எடுத்துடறேன்."

"எடுத்துட்டா உன்னை அடையாளம் கண்டுபிடிக்க உன் பொண்டாட்டி போலீஸுக்குத்தான் போகணும்" என்றான் ஜப்பான்.

இது நடந்து ஒரு வருடம் கழித்து அந்தக் கார் வந்தது. கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் எங்கிருந்தோ வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இரண்டு கதவு, அகலமான மூக்கு, பானெட்டுக்குக் கீழே எட்டு சிலிண்டர், பின் மட்கார்டில் கை நுழையும் அளவுக்குத் துரு. தம்பி சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்துதான் அதன் கதவைத் தொட்டான். எட்டு மாதம் உழைத்தான். அதன் பின்சீட்டை நான் இரண்டு முறை தைத்தேன். முதல்முறை ஒரு வரித் தையல் நூலிழை அளவு கோணியிருந்ததால் முழுவதையும் பிரித்தேன்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. காலை பத்து மணி. சக்கரங்களுக்கு வெள்ளியும் கறுப்புமாகப் பெயிண்ட் அடித்த இத்தாலி முந்தின நாள் அவற்றைத் தன் கையாலேயே மாட்டியிருந்தான். "நீ மாட்டினா கீறிடுவே" என்று தம்பியைக் கிட்டவே விடவில்லை. தம்பி ஸ்டியரிங்கில் உட்கார, பக்கத்து சீட்டில் ஜப்பான் ஏறினான். "மிக்ஸிக்காரன் முதல்ல ஏறுறான் பாரு, வெக்கம் இருக்கா?" என்று இத்தாலி கத்தினான். கார் கிளம்பியபோது ஷெட்டின் தகரம் அதிர்ந்தது, என் ஊசிப்பெட்டி மேஜையில் நகர்ந்தது. ஷெட்டுக்குப் பின்னால் நேர் ரோடு. அது முடியும் இடத்தில், குடோன் மதிலருகே, ஒரு வளைவு. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு வேறொரு சத்தம் கேட்டது.

நாங்கள் ஓடியபோது இடப்பக்கப் பின்சக்கரம் தனியாக ரோட்டோரச் சாக்கடை வரை உருண்டு போய்க் கிடந்தது. கார் சுழன்று மதிலில் மோதியிருந்தது, ஜப்பான் உட்கார்ந்திருந்த பக்கம்.

தம்பிக்குப் புருவத்தில் நாலு தையல். ஜப்பானுக்கு வலது கால் முட்டியில் நொறுங்கிவிட்டது. கால் தப்பும், முட்டி இனி மடங்காது என்றார்கள். கார் எலெக்ட்ரீஷியனுக்கு முட்டிதான் பிழைப்பு. டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, காலை மடக்கி சீட்டின்மேல் போட்டுக்கொண்டுதான் அவன் ஒயர் இழுப்பான்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் நிறுத்தினார். ஐந்து ஸ்டட்டில் நான்கு அறுந்திருந்தன, ஒன்று வளைந்திருந்தது.

"வீலைக் கடைசியா மாட்டினது யார்டா?"

"நான்தாங்க" என்றான் இத்தாலி.

"பெயிண்டருக்கு எதுக்குடா ஸ்பானர்? பைப்பைப் போட்டு முறுக்கியிருக்கே. ஸ்டட் இழுத்துக்கிட்டு நீண்டு, பலம் போயிடுச்சு."

"இல்லீங்க, அளவாத்தான் முடுக்கினேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சு கிழிச்சே. நாளையிலேர்ந்து வராதே. எந்த ஒர்க்‌ஷாப்லயும் நீ சேரமுடியாதபடி நான் பாத்துக்கறேன்."

இத்தாலி என் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான். பாவம், அதிர்ச்சியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த ஸ்டட்டுகளை நானும் குனிந்து பார்த்திருந்தேன். அறுந்த நான்கும் பழையவை, கறுத்தவை. வளைந்திருந்த ஒன்று மட்டும் மின்னியது. மூன்று நாள் அது என் மண்டையைக் குடைந்தது. தம்பி அந்த மூன்று நாளும் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்து போனான். புதன்கிழமை மதியம் தட்டை நகர்த்தியபோது கேட்டேன்.

"அஞ்சுல ஒண்ணு மட்டும் ஏன்டா புதுசு?"

அவன் கை கழுவப் போகவில்லை. பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்து சொன்னான்.

சக்கரத்தைப் பெயிண்டுக்குக் கொடுக்க அவன்தான் முதலில் கழற்றினான். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். இடப்பக்கம் தலைகீழ் மரை என்பது அவனுக்குத்தான் தெரியுமே. ஸ்பானரில் நீளமான பைப்பைச் சொருகி, முடுகும் திசையில் இழுத்தான். அசையவில்லை. துரு என்று நினைத்து, பைப்பின் மேல் ஏறி நின்றான். நான்கு நட்டையும் அப்படி மாற்றி மாற்றி முயன்றான். ஐந்தாவது ஸ்டட் முறிந்தது. முறிந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதன் முனையில் எழுத்து எதுவும் இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ பின் அச்சையே மாற்றி, சாதாரண மரை போட்டிருக்கிறார்கள். கழற்றுவதாக நினைத்து ஒரு மணி நேரம் அவன் முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"எழுத்து இருக்கும்னு நீதானேடா சொன்னே? முதல்லயே பாக்கலையா?"

"பாக்கலக்கா. எனக்குத்தான் தெரியுமேன்னு இருந்துட்டேன்."

"சரி, மத்த நாலு?"

"அதுங்களும் இழுத்திருக்கும்னு தெரியும். அஞ்சையும் மாத்தணும்னா முதலாளிகிட்டச் சொல்லி வாங்கணும். எதுக்குன்னு கேப்பார். இத்தாலி நிப்பான். மீசையை முறுக்கிட்டு வருஷம் பூரா சிரிப்பான். என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. அதை மட்டும் மாத்திட்டேன்."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து அதை அடைத்தேன். பிறகு நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"யாருக்கும் தெரியாதுல்ல? தெரிய வேணாம். இதைச் சொன்னா உன் கையில இனி எவனும் வண்டி குடுக்க மாட்டான். இத்தாலி பெயிண்டர், எங்க போனாலும் பொழைச்சுக்குவான். துருப்பிடிச்ச ஸ்டட், அறுந்துடுச்சு. அவ்வளவுதான்."

"அக்கா, ஒரு தையல் கோணினதுக்கு முழு சீட்டையும் பிரிச்சவ நீ."

"அது சீட்டுடா. நீ என் தம்பி."

அவன் கையில் பிசைந்த சாப்பாடு காய்ந்துபோயிருந்தது.

மறுநாள் காலை அவன் நேராக இத்தாலியின் வீட்டுக்குப் போய் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். எதற்கென்று இத்தாலிக்குத் தெரியாது. முதலாளி முன்னால் நின்று, என்னிடம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லும்போது கை பேன்ட் தையலைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நாலு ஸ்டட்டுடா. கேட்டிருந்தா பெட்டியோட குடுத்திருப்பேனே" என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "டூல்ஸை வச்சுட்டுப் போ" என்றார்.

இத்தாலி அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என் தம்பியின் சட்டையைப் பிடித்தான், பிடித்தபடி அழுதான்.

"என் மீசைக்குப் பயந்தியாடா? ஒரு மயிருக்காடா? நாலு நாளா என் பொண்டாட்டி என்னைப் பாக்குற பார்வை தெரியுமா? நானே தப்பா முடுக்கிட்டேனோன்னு தினமும் கையைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்டா!"

முதலாளி இத்தாலியிடம் வேலையைத் தொடரச் சொன்னார். வெளியே போனவன் இன்றுவரை திரும்பவில்லை.

ஜப்பானிடம் யார் சொல்வது என்ற பேச்சே எழவில்லை. தம்பி அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தான். நானும் பின்னால் போனேன். ஜப்பானின் மனைவியிடம் வார்டு வாசலில் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். தினமும் வாசல் பெஞ்சில் காலையிலிருந்து பார்வையாளர் நேரம் முடியும் வரை உட்காருவான். வேலை தேடவில்லை. தேடினாலும் கிடைத்திருக்காது, எங்கள் தொழிலில் செய்தி கார்களைவிட வேகமாக ஓடும். என்னை மட்டும் முதலாளி போகச் சொல்லவில்லை. ஆனால் என் மெஷினிலிருந்து பார்த்தால் அந்தக் கைகள் இல்லை.

பதினோராம் நாள் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கதவு திறந்தது. ஜப்பானின் மனைவி என் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ளே வரச் சொல்றாருக்கா. ஆனா காரைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்."

தம்பி எழுந்தான். கதவு வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போதுகூட அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவனும் ஜப்பானும் காரைத் தவிர வேறு எதையும் பேசி நான் கேட்டதில்லை.

"என்னக்கா பேசுறது?" என்றான்.

அவன் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினேன். கதவை யாரும் சாத்தவில்லை. கட்டில் ஓரத்தில், கட்டுப் போட்டு நீட்டியிருந்த காலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. அவன் அதில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தான். ஜப்பான் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.