ஓட்டை இல்லாத சுவர்

என் அப்பா பூசிய சுவரில் உள்ளங்கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு மணல்கூட உறுத்தாது. நாற்பது வருஷம் கொத்தனார் வேலை. தெருவில் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பேரில், 'ரசமட்டம்' என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் அம்மா கண்மூடிய அறையிலிருந்து வெளியே வந்து, "அந்த மூலை கோணலா இருக்கு" என்றார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்குச் சனிக்கிழமையும் அரை நாள் வேலை உண்டு. எட்டு வயது மகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவேன். வாரம் முழுக்க அவர் காத்திருப்பது அந்த அரை நாளுக்குத்தான். வெள்ளிக்கிழமையே பின்வாசலைக் கழுவிவிடுவார். கழுவ அங்கே என்ன இருக்கிறது? முழுக்கச் சிமெண்டுத் தரை. ஒரு செடி கிடையாது, புல் கிடையாது. எறும்பு வந்தால்கூட வழி தவறி வந்ததாகத்தான் இருக்கும்.

பாப்பாவோ பையை வைத்த கையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வீடு கட்டி இருபது வருஷமாகியும் பின்சுவரைப் பூசவில்லை. வெறும் செங்கல். சாரக்கட்டை நுழைக்க விட்ட நாலு ஓட்டைகளும் அப்படியே திறந்து கிடந்தன. ஒன்றில் மைனா ஜோடி, ஒன்றில் சிட்டுக்குருவி. கண்டக்டர் உதட்டைக் குவித்து விசில் அடிப்பார். மைனா தலையைச் சாய்த்துப் பதில் சொல்லும். பாப்பா அவரை 'விசில் தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்பாவுக்குப் பற்றிக்கொண்டது அங்கேதான்.

"அவன் எப்பிடி தாத்தா ஆனான்? உன்னை அவனா பெத்தான்?"

"கொழந்தை ஏதோ கூப்பிடுறா, விடுங்கப்பா."

"அந்தச் செவுத்தப் பாத்தாலே எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

சுவரைச் சொல்கிறாரா, சுவருக்குச் சொந்தக்காரரைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் சும்மா இருக்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார், தட்டில் தானியம் போட்டார். வந்தது காக்கைதான். தின்றுவிட்டு, கழுவிய தரையில் எச்சம் போட்டுவிட்டுப் போனது. மைனா ஒரே ஒரு தடவை எங்கள் மதிலில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கண்டக்டர் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. "பாத்தியா, அதுக்கும் அவந்தான் ஒசத்தி" என்றார் அப்பா. வயிற்றெரிச்சலுக்கு மருந்து எந்தக் கடையில் விற்கிறது?

பாப்பாவுக்குப் பரீட்சை வந்ததால் மூன்று வாரம் அவளை அழைத்துப் போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து அப்பா கண்டக்டரிடம் போயிருக்கிறார்.

"பின்செவுத்துல மழை எறங்குது போலிருக்கே. நான் பூசித் தரேன். கூலியெல்லாம் வேண்டாம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. கண்டக்டர் நல்ல மனுஷர், நம்பிவிட்டார். அப்பாவையும் ஒன்று சொல்ல வேண்டும்: குஞ்சுகள் பறந்துபோகும்வரை பொறுத்திருந்தார். அதற்குப் பிறகு சாரம் கட்டி, அஞ்சே நாளில் வேலையை முடித்துவிட்டார். போனில் என்னிடம், "சும்மா ஒரு ஒத்தாசை" என்றார். இந்த வயதில் மனசு விசாலமாகிவிட்டதே என்று நானும் பூரித்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பாப்பா வழக்கம்போல ஓடினாள். வேலை முடிந்து நான் வந்தபோது, அந்த வீட்டுப் பின்பக்கம் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். ஓட்டையை அடைத்துப் பூசிய சுவரில் மைனா ஜோடி வந்து முட்டியது. நகம் பதிய இடமில்லாமல் வழுக்கியது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

"உங்க தாத்தா வேலைதான் பாப்பா. ஒரு பைசா வாங்கல. கண்ணாடி மாதிரி இருக்கு பாரு" என்று ஆரம்பித்த கண்டக்டர், மைனாவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். விசில் அடிக்க உதட்டைக் குவித்தார். அடிக்கவில்லை.

பாப்பா அழுதிருந்தால் தேவலை. நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அதுங்க அங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்தானே தாத்தா?"

"செவுருன்னா பூசணும் கண்ணு..."

"தெரியும்தானே?"

நாற்பது வருஷம் மேஸ்திரிகளையும் இன்ஜினீயர்களையும் வாயடைக்க வைத்தவர், தரையைப் பார்த்தார். "நான் இனிமே இங்க வரல" என்று சொல்லிவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் வரவில்லை. வேலைக்குப் போகும்போது அவளை என் தோழி வீட்டில் விட்டேன். அப்பா தினமும் போன் செய்வார். பாப்பாவைப் பற்றிக் கேட்கவே மாட்டார். தொண்டையைச் செருமிவிட்டு, மழை வருமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். மூன்றாவது வாரம் சொன்னார்: "நம்ம வீட்டுப் பின்செவுத்துல ஒரு ஓட்டை போட்டிருக்கேன். அவகிட்ட சொல்லு."

தான் பூசிய சுவரை அவர் உளியால் தொட்டது அதுதான் முதல் தடவை. கண்டக்டர் சுவரில் அடைத்ததையே திறந்துவிட்டிருக்கலாமே? நியாயம் அதுதான். ஆனால் திருந்தினாலும் என் அப்பா தன் வீட்டு எல்லைக்குள்தான் திருந்துவார்.

பாப்பா வந்தாள். ஓட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டாள். "வர்ற வரைக்கும் பேசாம உக்காரணும். அசையக் கூடாது. இருமக் கூடாது. விசில் தாத்தா சொல்லியிருக்காரு."

அந்தப் பெயரைக் கேட்டு அப்பாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் உட்கார்ந்தார்.

நாலு சனிக்கிழமை அப்படிப் போனது. பேசக் கூடாது என்று சட்டம் போட்டவளே குசுகுசுவென்று பேசுவாள். நான் வேலை முடிந்து வந்து சமையலறை ஜன்னலில் நின்று கேட்பேன். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தது, முதல் கொத்துக்கரண்டி வாங்கியது, அம்மாவைச் சிரிக்க வைக்கச் சுண்ணாம்பில் மீசை வரைந்துகொண்டது என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. என் சின்ன வயதில் அவர் சிமெண்டுத் தூசியோடு வருவார், சாப்பிடுவார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். நான் பெற்ற பிள்ளைமேல் எனக்கே பொறாமை வந்தது. வந்தது என்ன, எரிந்தது.

நாலாவது சனிக்கிழமை, பாப்பா குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு வைக்கோலோடு மைனா வந்தது. ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்தது. தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. அப்பா பார்த்தார். ஜன்னலிலிருந்து நானும் பார்த்தேன்.

அப்பா இருமினார். பாப்பா நிமிர்வதற்குள் மைனா பறந்துவிட்டது.

"என்ன தாத்தா!"

"தூசி கண்ணு."

"இன்னைக்கும் வரல பாரு."

"வரும். அடுத்த வாரமும் வந்து பாரு."

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். திருடன் முழி. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாய் வந்தது. இருமலுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னொரு வாளியைக் கவிழ்த்து அவருக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்துகொண்டேன்.