இமையிலை கொளுவின தூண்டில்

ட்ரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் கொளுக்கி வாங்கேக்கை எனக்கும் என்ர மனுசனுக்கும் கடையிலையே சண்டை. கொளுக்கி நுனியிலை பின்பக்கமாய் நிக்கிற சின்ன முள்தான் மீனைக் கழண்டுபோக விடாது. எனக்கு அது வேணும். "முள்ளில்லாததை எடும், சின்ன மீனெண்டால் உயிரோடை திருப்பி விடலாம்" எண்டார் அவர். நான் கேக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை இக்காஸ்ட் எண்ட ஊருக்கு அங்காலை ஒரு சின்ன ஆத்திலை இறங்கி நிண்டு, அவர் எனக்குப் பின்னாலை நிக்கத் தூண்டிலை வீசினன். நூல் முன்னுக்குப் போகேல்லை. திரும்பிப் பாத்தால், கொளுக்கி அவற்ற கீழிமையிலை ஏறி நிக்குது.

"அசையாதேங்கோ! இழுத்தால் இமை கிழிஞ்சிடும்" எண்டு கத்தினன். அம்புலன்ஸைக் கூப்பிட்டாலும், அது வாறதுக்கிடையிலை ஒருக்காக் கண்ணைச் சிமிட்டினாலும் போச்சு.

"முள்ளில்லை," எண்டார் மெதுவாய். "காலமை குறட்டாலை நசுக்கிப்போட்டன். போன வழியாலையே எடும்."

எனக்குத் தெரியாமல் செய்த வேலை. அதை நம்பித்தான் இழுக்கவேணும். மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இழுத்தன். ஒரு சொட்டு ரத்தத்தோடை வழுக்கிக்கொண்டு வந்துது.

இப்ப என்ர கொளுக்கியளை நானே நசுக்கிறன். மீன் கழண்டு ஓடேக்கையெல்லாம் கோவம் வரும். உடனை திரும்பி அவற்ற கண்ணைப் பாப்பன்.