புறப்பட்டு வைத்த கார்

என் கணவர் அந்தக் காரைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஜெர்மனியில் செய்த கார். நான்கு கதவு, தோல் இருக்கை, பார்வைக்கு ஒரு கனவானின் வாகனம். எஞ்சின் மட்டும் பந்தயத்துக்குச் செய்தது. சிட்னிக்குப் பக்கத்தில் பரமட்டாவில், ஓய்வு பெறப் போன ஒரு டாக்டரிடம் ஆசைப்பட்டு வாங்கினார். வாங்கிய சூடு ஆறுமுன்னே, டாக்டரான என் கணவரைப் பனிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. பனியில் ஓட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமில்லாத காரை வலை போட்டுத் தேடினாலும் பிடித்திருக்க முடியாது. பின் சில்லுகள்தான் காரைத் தள்ளும். ஈர ரோட்டில் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் தலை ஒரு பக்கம் போகும், வால் ஒரு பக்கம் போகும்.

அவர் அழுத்தித்தான் மிதிப்பார். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் "வாரும், பனி பாத்திட்டு வருவம்" என்று என்னை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். வளைவுகளில் கார் வழுக்கும். நான் கதவுப் பிடியைப் பிடித்தபடி தெரிந்த முருகன் பேரையெல்லாம் சொல்லி முடிப்பேன். அவர் வாய் திறக்க மாட்டார். திமிர் என்றுதான் நினைத்தேன்.

உண்மையில் பனியைவிட வீடுதான் எனக்குப் பெரிய வதை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவள் நான். இங்கே எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதினாலும் ஒரே பதில்: உள்ளூர் அனுபவம் இல்லை. உள்ளூரில் யாராவது வேலை தந்தால்தானே உள்ளூர் அனுபவம் வரும்? அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனபின் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பேன். யன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் மூச்சு முட்டும். கடிதம் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியில் எழும்பிவிடுவேன். இன்னும் ஒரு குளிர்காலம் இப்படிப் போனால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று நிச்சயமாக நம்பினேன்.

அப்போதுதான், நான் எழுதிப்போட்டிருந்த, மலைக்குள் இருக்கும் ஜிண்டபைன் என்ற ஊரில் இருந்து ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் போன் எடுத்தார். அவருடைய கணித ஆசிரியர் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டாராம். பதிலுக்கு எடுத்த ஆள், பனி கொட்டிய முதல் நாளே வரவில்லையாம். "உங்கள் பட்டத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ரோட்டைப் பற்றித்தான் சந்தேகம்" என்றார். "திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் நின்றால் வேலை உங்களுக்கு. இல்லாவிட்டால் சிட்னியில் ஒருவர் காத்திருக்கிறார்." அங்கே போய்ச்சேர முக்கால் மணி நேர ஓட்டம். பனி நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

எனக்கு லைசென்ஸ் இருந்தது. கணவரிடம் சாவியைக் கேட்டேன்.

"இஞ்சேரும், அந்த ரோட்டில நீர் கார் ஓட வேண்டாம். திங்கள் எனக்கு லீவுதானே. முதல் நாள் நான் கொண்டுபோய் விடுறன். பிறகு பாப்பம்."

எங்கள் வீட்டில் 'பிறகு பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். இருந்தாலும் முதல் நாளாவது போய் நிற்போம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த பிரச்சினை பஞ்சாங்கம். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கும். நாங்கள் கிளம்ப வேண்டியதும் அதே நேரம். மனிதர் நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்தால் முழு விஞ்ஞானி. காரில் கை வைத்தால் முழுப் பஞ்சாங்கம்.

"யாழ்ப்பாணத்து ராகு இஞ்ச வர விசா எடுத்தவரோ?" என்று கேட்டேன்.

"பகிடி விடாதேயும். நல்ல காரியத்துக்குப் போறம்."

அதற்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் காலைத் தூக்கி வைத்தாலும் ராகு ஒன்றும் செய்ய முடியாது. அவர் பெட்டிக்குப் பதிலாகக் காரையே வெளியே வைத்தார். ஞாயிறு மத்தியானம், சேறும் பனியுமாகக் கிடந்த தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி, மலையைப் பார்த்து நிறுத்தினார். சரிவான தெரு. ஹாண்ட்பிரேக்கை இழுக்கக்கூடிய மட்டும் இழுத்தார். என் கைப்பையையும் பின் சீட்டில் வைத்தார். "புறப்பட்டு வச்சாச்சு" என்று கையைத் தட்டினார். கராஜ் காலியாகக் கிடந்தது.

விடிந்தபோது கார் வெள்ளைச் சலவைக்கல்லில் செதுக்கியதுபோல நின்றது. கதவு திறக்க மாட்டேன் என்றது. முன் கண்ணாடியில் ஒரு விரல் கனத்துக்கு ஐஸ். நான் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். நேரம் எங்களுக்காக நிற்குமா?

"பொறும், சுடுதண்ணி இருக்கு" என்று உள்ளே ஓடினார். இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் ஓவர்கோட், கையில் ஆவி பறக்கும் கேத்தல். நான் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் ஊற்றிவிட்டார். ஐஸ் கரைந்து வழிந்தது, கூடவே 'டிக்' என்று ஒரு சத்தம். இடது மூலையிலிருந்து நடுக்கண்ணாடிவரை ஒரு கோடு ஓடியது. பெற்ற பிள்ளைக்கு அடிபட்டதுபோல அப்படியே நின்றுவிட்டார்.

நான் அவருடைய ஓவர்கோட் பையிலிருந்து சாவியை எடுத்து, கதவை இழுத்துத் திறந்து வலப்பக்கம் ஏறினேன். ஸ்டார்ட் ஆனது. ஹாண்ட்பிரேக்கை விட்டேன், கைப்பிடி இறங்கியது, கார் அசையவில்லை. ஈரத்தோடு இழுத்துவிட்ட பிரேக் இரவெல்லாம் உறைந்து சில்லைக் கவ்விக்கொண்டிருந்தது. கியரைப் பின்னுக்குப் போட்டு மெல்லத் தள்ளினேன், முன்னுக்குப் போட்டு மெல்லத் தள்ளினேன். பின்னுக்கு, முன்னுக்கு. இந்தக் கட்டை வண்டிக்காக வேலை போகப் போகிறதே என்று ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினேன். மறுபடி தள்ளியபோது பின்னால் 'படார்' என்று கேட்டது. கார் விட்டுக்கொடுத்தது.

"இறங்கும், நான் ஓடுறன்" என்றார் அவர்.

"நீங்க ஏறுங்கோ. நேரமில்லை."

சாரத்தோடும் கேத்தலோடும் இடப்பக்கம் ஏறினார்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெள்ளை. வேலிக் கட்டைகள் மட்டும் தெரிந்தன. இந்தக் காரைப் பற்றி நான் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மெல்ல மிதித்தால் அது சொன்னபடி கேட்டது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனபின் ஒரு துளி கூட்டினால் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. ஒரு தரம் மட்டும் வால் விலகியது. காலை மெதுவாக எடுத்தேன், திரும்பி வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஓட்டியதில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் கேத்தலை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். இல்லாத பிரேக்கை அவருடைய வலது கால் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியபோது முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. வெளியே நின்ற தலைமை ஆசிரியர் வெடித்த கண்ணாடியைப் பார்த்தார், கேத்தலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தேநீர் இங்கேயும் இருக்கிறது" என்றார். "உங்கள் வகுப்பு இடப்பக்கம் இரண்டாவது கதவு."

அவர் உள்ளே போனதும் சாவியைக் கணவரிடம் நீட்டினேன். "நீங்க வீட்ட போயிட்டு, பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு வாங்கோ."

அவர் சாவியை வாங்கவில்லை. "நான் இஞ்சயே நிக்கிறன். திரும்பிப் போகேக்கயும் நீரே ஓடும்."

"சாரத்தோடயோ? ஏன், கண்ணாடி வெடிச்சதாலயோ?"

"இல்லை." கேத்தல் மூடியைத் திறந்து மூடினார். "எனக்கு இந்த ரோட்டில பயம். வந்த நாளில இருந்து பயம். அதைக் காட்டக்கூடாதெண்டுதான் அப்பிடி மிதிச்சனான்."

"அப்ப என்னை ஏன் ஓட விடேல்ல?"

"நீர் பயமில்லாமல் ஓடிக் காட்டினா, பிறகு நான் என்ன மூஞ்சியோட அந்தக் காரை வச்சிருக்கிறது?"

எனக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. இந்த மனுசனின் வெட்கத்துக்காக எத்தனை ஞாயிறு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறவர், எத்தனை நாள் அந்தக் காரைக் கராஜில் பூட்டிவைத்து, என்னையும் வீட்டுக்குள் வைத்திருந்தார்! நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

சாவியை என் கைப்பைக்குள் போட்டேன்.

"வெளியில இறங்கித் திரியாதேங்கோ, விறைச்சுப் போவியள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.