முன்னால இழுக்குற வண்டி

“…பல்லுப் போன மாட்டுக்குக் கொம்பைச் சீவி, சாயம் பூசி, சலங்கையும் கட்டுனானாமா ஒருத்தன். அதை ஏருல பூட்டுன அன்னிக்கு…”

அக்கா பாதியில் நிறுத்திவிட்டாள். ஓடைக்கு நடுவே மணலில் இறங்கி நின்ற ஜீப்புக்குள்ளிருந்து என் மச்சான், அதாவது அவள் புருஷன், ஹாரனை அடித்ததுதான் காரணம். எதற்காக அடித்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதிரே வண்டி இல்லை, ஆடு மாடு இல்லை. முழங்காலளவு செந்தண்ணீரில் அக்காவும் நானும்தான் நின்றிருந்தோம். ஓடையை ஒதுங்கிக்கொள்ளச் சொன்னாரோ என்னவோ.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேந்தமங்கலத்தைத் தாண்டிக் கொல்லிமலை அடிவாரத்தில் அக்காவின் தோட்டம். தோட்டத்துக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே இந்த ஓடை. வெயில் காலத்தில் அதில் கோழிகூட நனையாமல் நடந்து போகும். மழை பெய்தால் மலைத் தண்ணீர் முழுக்க அதில் வந்து விழும். வெள்ளம் வடிந்த பிறகும் மணலும் சேறும் மாசக்கணக்கில் காலைப் பிடிக்கும்.

அக்கா ஒற்றை எருமையில் ஆரம்பித்துக் கொட்டகை நிறைய எருமைகளை உண்டாக்கி வைத்திருந்தாள். அதில் மச்சானுடைய பங்கு காலையில் காப்பி குடித்ததுதான். பால் சொசைட்டியின் வண்டி அக்கரையில் தார்ரோட்டில் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் பார்க்கும், போய்விடும். போன மழைக்கு முக்கால்வாசி நாள் பால் இக்கரையிலேயே திரிந்து போனது. சொசைட்டிக்காரர் ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பி, கடைசியில் அவரே வந்து சொல்லிவிட்டார்: “அடுத்த மழைக்கும் இப்படியே ஆச்சுன்னா உங்க மெம்பர் அட்டையை ரத்து பண்ணிருவோமுங்க. அப்பறம் எங்களைக் கோவிச்சுக்கக் கூடாது.”

அட்டை போனால் எருமைகளை வைத்து என்ன செய்வது? விற்க வேண்டியதுதான். எருமை வருவதற்கு முன்னால் அக்கா அடுத்தவர் காட்டில் களை வெட்டியவள். “அந்தக் களைக்கொத்தை நான் திரும்பத் தொட்டன்னா, அது என்னைப் புதைக்கக் குழி வெட்டறதுக்காத்தான் இருக்கோணும்” என்று என்னிடம் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

கேனைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்துவிடுகிறேன் என்று அவள் போன வருஷமே கேட்டாள். மச்சான் விடவில்லை. “எங்க ஊட்டுப் பொம்பளை தலைச்சுமையோட ரோட்டுக்குப் போனா நாலு பேரு சிரிப்பானுங்க.” கட்டை வண்டி இருந்தது. மணலில் திணறினாலும் நாலு நாளைக்கு ஒரு நாளாவது பாலை அக்கரை சேர்த்தது. அந்த வண்டியையும் மாடுகளையும் சேர்த்து விற்றுவிட்டுத்தான் மச்சான் ஜீப் வாங்கக் கிளம்பினார்.

மாடு பிடிப்பதில் மச்சான் கெட்டிக்காரர். அதை மறைத்தால் பாவம். சந்தையில் ஒரு காளையைச் சுற்றி ஒரு வட்டம் வருவார். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், வாலைத் தூக்கி விடுவார். அந்த மாடு எந்த ஊர்த் தண்ணீர் குடித்தது என்பது வரைக்கும் சொல்லுவார். கெட்டது எதில் என்றால், உலகத்தில் விற்கிற பொருள் எல்லாமே ஏதோ ஒரு வகை மாடுதான் என்று நினைத்துவிட்டார்.

சேலத்தில் ஒரு தரகர் வீட்டுக்குப் பின்னால் அந்த ஜீப் நின்றது. பட்டாளத்தில் இருந்ததாம், அப்புறம் மலைமேல் ஏதோ எஸ்டேட்டில் இருந்ததாம். பட்டாளத்திலிருந்து ஓடி வந்திருக்கும் என்று அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவன் என்பதால், படித்தவன் கணக்கில் சேர்த்து என்னைக் கூட்டிப் போயிருந்தார். ஜீப்பில் படிக்க எதுவும் இல்லை. வேகம் காட்டுகிற வட்டத்துக்குள் முள்ளே கிடையாது.

மச்சான் டயரை உதைத்தார். பானெட்டைத் தட்டித் தடவிக் கொடுத்தார். தகட்டில் இருந்த நெளிவுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து, “சுழி சுத்தமா இருக்குது மாப்ள” என்றார். வாலைத் தூக்கிப் பார்க்க வழியில்லாததால் பின்கதவைத் தூக்கிப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.

தரகர் ஆளை அளந்துவிட்டார். “சாதா வண்டியெல்லாம் பின்னால இருந்து தள்ளுமுங்க. இது முன்னாலயும் இழுக்குமுங்க. இந்தச் செகப்புக் குமிழு வெச்ச லீவரைப் போட்டுட்டீங்கன்னா நாலு சக்கரமும் வேலை செய்யும். மணலாவது, சேறாவது!”

மச்சானுக்கு முகம் மலர்ந்து போனது. “கேட்டியா? மாடு முன்னால நின்னுதான இழுக்குது! பின்னால இருந்து தள்ளுற மாட்டை எங்கியாச்சும் பாத்திருக்கியா நீ?”

பார்த்ததில்லை என்றேன். உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரகர் கைமேல் போட்டு, அதற்கடியில் தன் கையை விட்டார். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற முறை அது; வெளியே வாயைத் திறக்காமல், துண்டுக்குள் விரலைப் பிடித்தே கூட்டுவார்கள், குறைப்பார்கள். தரகர் லாரி, கார் விற்கிறவர். தன் விரலை இந்த ஆள் எதற்குப் பிடித்து நெருடுகிறார் என்று புரியாமல் கையை உருவப் பார்த்தார். மச்சான் விடவில்லை. கடைசியில், தரகர் முதலில் சொன்ன விலையே நின்றது. “படிய வெச்சுட்டன்” என்றார் மச்சான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

அதன்பிறகு பட்டறை. நாமக்கல்லில் அந்த வண்டியை மூன்று பட்டறைக்குக் கொண்டு போனோம். மெக்கானிக்குகளில் நல்லவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுக்கு வாய்த்தவர்கள் மூவருக்கும் முதல் பேச்சு ஒன்றாகவே இருந்தது: “எவன் கை வெச்சான் இதுல?” முன்னால் தொட்டவனைத் திட்டாமல் ஒருத்தரும் ஸ்பானரை எடுக்கவில்லை. பட்டறையில் அதுதான் பிள்ளையார் சுழி போலிருக்கிறது.

முதல் பட்டறையில் மச்சான் சொன்ன முதல் வேலை ஹாரன். இருந்த ஹாரன் சளி பிடித்த ஆடு மாதிரிக் கத்தியது. அதைக் கழற்றிவிட்டு லாரிக்கு வைக்கிறதை வைக்கச் சொன்னார். “சத்தம் வந்தா ஓடை வழி விடுமுங்களா?” என்று நான் கேட்டதற்கு, “மாட்டுக்கு அழகு கொம்பு மாப்ள, வண்டிக்கு அழகு ஹாரன்” என்றார். ஹாரன் என்கிற இங்கிலீஷ் சொல்லுக்குக் கொம்பு என்றும் பொருள் உண்டு என்று பிற்பாடு ஓர் அகராதியில் பார்த்து அசந்து போனேன். மச்சானுக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அசட்டுத்தனம் எந்த பாஷையையும் தானாகக் கற்றுக்கொள்ளும்.

அடுத்து, பாடி. நாமக்கல்காரனிடம் நாலு சக்கரமுள்ள எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு பாடி கட்டாமல் விடமாட்டான். லாரிக்குத் தலையில் வைக்கிற மாதிரி ஒரு பெரிய பலகையை ஜீப்பின் தலையில் ஏற்றினார்கள். கைக்குழந்தைக்குத் தாத்தாவின் தலைப்பாகையைக் கட்டிவிட்டது போல இருந்தது. என்ன படம் எழுத வேண்டும் என்று பெயிண்டர் கேட்டார். இரண்டு காளைகள் என்றார் மச்சான். விற்ற மாடுகளைக் காசு கொடுத்து வரைந்து கொண்டோம்.

ரேடியேட்டர் ஒழுகியது. இரண்டாவது பட்டறைக்காரர் மஞ்சள்தூள் போடச் சொன்னார், ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். வீட்டுக்குத் திரும்பியதும் மச்சான் அக்காவின் அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தார். அதில் மஞ்சளோடு சீரகமும் மிளகும் போய்விட்டன. வாசலில் வண்டியைக் கிளப்பிய கொஞ்ச நேரத்தில் ஆவி எழும்பித் தோட்டமே மணத்தது. அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்: “ஏனுங்க, ரசம் பொங்குது! எறக்கி வெச்சுக் கருவேப்பிலை போடுங்க!”

மூன்றாவது பட்டறையில் நான் பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். அந்த மெக்கானிக் சொன்ன பதிலை இந்த நாற்பது வருஷத்தில் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். “ஓடுனாத்தானுங்களே நிக்கோணும்?” ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மூவரில் வண்டிக்கு அடியில் படுத்தவர் அவர் ஒருவர்தான். படுத்தவர் எதையோ பார்த்துச் சிரித்தார். என்னவென்று மச்சான் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. வண்டி முன்னால நல்லா லேசா இருக்குது. மைலேஜ் குடுக்கும்.”

மச்சான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பட்டறை வேலையெல்லாம் முடிந்து ஊருக்கு வந்தபிறகு சிவப்புக் குமிழைத் தினமும் காலையில் துணியால் துடைப்பார். எண்ணெய் கண்டிராத அச்சு கிறீச்சிடும், ஸ்டியரிங் ஒரு சுற்றுச் சுற்றினால் அரைச் சுற்றுக்குத்தான் பதில் சொல்லும், ஆனால் அந்தக் குமிழ் மட்டும் செர்ரிப் பழம் மாதிரி இருக்கும். ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் அதைத் தொடவிடமாட்டார். “மழை வரட்டும். அப்பத் தெரியும், இது ஆரு பெத்த புள்ளைன்னு.”

மழை வந்தது. மலை கறுத்து இரண்டு நாள் பெய்து, வெள்ளம் கொஞ்சம் வடிந்த காலையில் பால் கேன்களைப் பின்னால் ஏற்றினோம். அக்கா கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றைப் பிடித்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க ஓடைக்கரைக்கு வந்துவிட்டார்கள். மச்சான் தண்ணீருக்குள் வண்டியை விட்டார். பாதி ஓடை வரைக்கும் போனது. பொய் சொல்லக் கூடாது. நடு ஓடையில் பின் சக்கரங்கள் மணலில் வழுக்கத் தொடங்கின.

“இப்பப் பாரு!” என்று சிவப்புக் குமிழைப் பிடித்து லீவரை இழுத்தார். லீவர் வெண்ணெயில் கத்தி போல வந்தது. எஞ்சின் அலறியது. “முன்னால இழுக்குது, இழுக்குது!” என்று அவர் கத்தக் கத்த, பின் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. நான் கீழே குதித்து முன்னால் போய்ப் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் சாமி சிலை மாதிரி அசையாமல் நின்றன.

தண்ணீரில் குப்புறப் படுத்து அடியில் கையை விட்டுத் துழாவினேன். பின் அச்சுக்குப் போகிற இரும்புத் தண்டு கைக்குத் தட்டுப்பட்டது. அதேபோல முன் அச்சுக்கும் ஒன்று போயாக வேண்டும். அது இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்தான் ஓடியது. அதை மாட்டுகிற முனையில் சாக்குத் துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். தண்டை எவனோ எந்தக் காலத்திலோ கழற்றி எடுத்துவிட்டிருந்தான். மாடு இருக்கிறது, கலப்பையும் இருக்கிறது, நடுவே ஏர்க்கால் இல்லை. சிவப்புக் குமிழ் இத்தனை நாளாக யாருக்கும் சேதி சொல்லாத மணியாக இருந்திருக்கிறது.

எழுந்து மச்சானிடம் சொன்னேன். ஜீப்பிலிருந்து எட்டித் தண்ணீரைப் பார்த்தார். “தண்ணி அடிச்சுட்டுப் போயிருக்கும்” என்றார்.

“கம்பி போட்டுக் கட்டியிருக்குதுங்க மச்சான்.”

“அப்ப மைலேஜுக்குக் கழட்டியிருப்பானுங்க. அதும் நல்லதுக்குத்தான்.”

அக்கா கேன்களுக்கு நடுவிலிருந்து இறங்கினாள். சேலை நனைவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. வண்டியின் முன்பக்கம் வந்து, தலைப்பலகையில் இருந்த இரண்டு காளைகளையும் அண்ணாந்து பார்த்தாள். கரையில் நின்ற நாலு பேரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் என் பக்கம் திரும்பி, பல்லுப் போன மாட்டின் கதையை ஆரம்பித்தாள். மச்சான் ஹாரனை அடித்ததும் அப்போதுதான்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அக்கரையில் இன்னொரு ஹாரன் கேட்டது. பால் வண்டி வந்துவிட்டது. மச்சான் பதிலுக்கு மறுபடியும் அடித்தார். பால் வண்டிக்காரனும் அடித்தான். இரண்டும் மாறி மாறிக் கத்தின, இடையில் ஓடை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தியா மாப்ள, நம்ம ஹாரன் அங்க வரைக்கும் கேக்குது!” என்றார் மச்சான்.

“ஏருல பூட்டுன அன்னிக்கு,” என்று விட்ட இடத்தில் பிடித்தாள் அக்கா, “கொம்பு மட்டும் காட்டுக்குப் போச்சாமா சாமி. மாடு கட்டுத்தறியிலயே நின்னுக்கிச்சாமா.”

சொல்லிவிட்டு ஜீப்புக்குள் கையை நீட்டி, மச்சான் தோளில் கிடந்த துண்டை உருவினாள். சேலத்தில் தரகர் கைமேல் விழுந்த அதே துண்டு. ஆம்பளை தோளில் கிடக்கும் துண்டை எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பிடித்து இழுக்கமாட்டார்கள். மச்சானுடைய கை ஹாரன் மேலேயே நின்றுவிட்டது. அவள் அதை முறுக்கிச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

“தூக்கியுடு சாமி.”

பின்பக்கம் போய் ஒரு கேனைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சேலையை முழங்காலுக்கு மேல் எடுத்துச் செருகி, மச்சானையோ கரையில் நின்றவர்களையோ பார்க்காமல், பால் வண்டிச் சத்தம் வந்த திக்கில் தண்ணீரை மிதித்துக்கொண்டு நடந்தாள்.