கழுத்தால மூச்சு விட்ட மாமா

எங்க மாமாவுக்கு கழுத்துல இருந்து புகை வரும். சத்தியமா, கதை விடல. கொட்டகலைல விடியக்காலம் குளிர் எப்படின்னு தெரியும்ல, வாயத் தொறந்தாலே ஆவி பறக்கும். நமக்கெல்லாம் வாயில, அவருக்கு மட்டும் சட்டைக் காலருக்கு மேல, தொண்டைக்குழில இருந்த ஓட்டையில. அப்ப நான் ரெண்டாம் வகுப்பு. எங்க லயத்து வரிசை வீட்டுப் புள்ளைங்கள கூட்டியாந்து காட்டுவேன். கோயில்ல தீ மிதிக்கிறத பாக்குற மாதிரி ஆடாம அசையாம நிப்பாங்க.

மாமான்னா அம்மாவோட அண்ணன். கல்யாணம் கட்டல, லயத்துல எங்க வீட்டுக் காம்பராவுலதான் இருந்தாரு. தேயிலைத் தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குற கங்காணி. இந்த மலையில நின்னு ஒரு சத்தம் போட்டா அடுத்த மலையில கொழுந்து எடுக்குறவங்களுக்கு கை வேகமாயிரும், அப்படித் தொண்டை. அது கம்ம ஆரம்பிச்சப்ப ஒருத்தரும் கண்டுக்கல. கங்காணிக்கு தொண்டை கட்டாம வேற யாருக்குக் கட்டும்? பனி, மழை, கத்தல்னு காரணம் ரெடியா இருந்துச்சு. அம்மா கொத்தமல்லி அவிச்சுக் குடுப்பாங்க. மாமா அதக் குடிச்சிட்டு, மேல ஒரு பீடியப் பத்த வைப்பாரு. மாசக்கணக்குல இதே வைத்தியம்தான். கம்மல் மூணு வாரம் தாண்டுனாலே டொக்டர்ட்ட ஓடணும்னு நான் கெம்பஸ் போய்தான் படிச்சேன்.

கடைசில கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரில புத்துநோய்னுட்டாங்க. குரல் பெட்டியவே எடுத்துட்டு, மூச்சுக்கு கழுத்துல வழி வச்சு அனுப்புனாங்க.

வந்த மனுசன் அம்மா மூஞ்சியவே பாக்கல. சோறு வச்சா செவத்தப் பாத்து தின்பாரு. தேத்தண்ணி சுட்டா ஊதக்கூட முடியாது, காத்துதான் வாய்க்கே வராதே. நான் ஊதிக் குடுத்தா மட்டும் என் தலைய லேசா தட்டுவாரு. கிளினிக்குக்கும் ரயிலேறி தனியாத்தான் போவாரு.

அப்புறம் ஆரம்பிச்சுச்சு ஏப்பம். யப்பா! வீட்டுக்குப் பின்னால கோவா கீரைப் பாத்தில ஏப்பம், பைப்படில ஏப்பம். அம்மா பயந்துட்டாங்க. பக்கத்து காம்பரா அத்தை ஓமத்தண்ணியும் கையுமா வந்துட்டாங்க. "வாயுதான் மதினி, நெஞ்சுல ஏறிருச்சு," அப்டின்னு தீர்ப்பே சொல்லிட்டாங்க. மாமா கைய ஆட்டி வேணாம் வேணாங்குறாரு, யாரு கேட்டா? ரெண்டு பேருமா புடிச்சு ஊத்திட்டாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு பொறுமை போயிருச்சு. "ஏண்ணே, தின்னது ரெண்டு வாய் சோறு, ஏப்பம் மட்டும் கல்யாண வீட்டு ஏப்பமா இருக்கே! குடி இத," அப்டின்னு டம்ளர நீட்டுனாங்க. மாமா அம்மாவ நிமிந்து பாத்தாரு. வாய மூடி என்னத்தையோ முழுங்குனாரு. வயித்துக்குள்ள இருந்து ஒரு ஏப்பம் கெளம்புச்சு. அது பாதி வழில வார்த்தையாயிருச்சு.

"போ...டி."

தவளைக் குரல்தான். ஆனா வார்த்தை! தொண்டையே இல்லாத ஆள் பேசுறாரு! காத்த முழுங்கி, ஏப்பமாத் திருப்பி, அதுலயே பேசப் பழகணும்னு கிளினிக்ல ஒரு நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக் குடுத்திருக்காங்க. நாங்க ஓமத்தண்ணி ஊத்தி அடக்கப் பாத்தது அவரோட பேச்ச.

அம்மா டம்ளர கீழ போட்டுட்டாங்க. "இன்னொருக்கா சொல்லுண்ணே."

"போடி."

"இன்னொருக்கா."

அம்மா அழுறாங்க, சிரிக்கிறாங்க, திரும்ப கேட்டு வாங்குறாங்க. அத்தையையும் கூட்டியாந்து, அவங்களுக்கும் ஒரு 'போடி' வாங்கிக் குடுத்தாங்க.

ஆபரேசனுக்கு மாமா மொதல்ல ஒத்துக்கவே இல்லையாம். குரல் இல்லாத கங்காணி செத்த கங்காணின்னு ஆஸ்பத்திரில இருந்து பையத் தூக்கிட்டு வந்துட்டாராம். அம்மாதான் கால்ல விழுந்து, "ஒன் குரல் எனக்கு வேணாண்ணே, நீ இரு," அப்டின்னு கெஞ்சி திரும்ப இழுத்துட்டுப் போயிருக்காங்க. இதெல்லாம் பெரியவனானப்புறம் தெரிஞ்சுக்கிட்டது.

அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது, அம்மாவ ஒருத்தர் திட்டுறாரு, அம்மா அழுறாங்க, அவ்ளோதான். நடுவுல போய் நின்னு, "எங்கம்மாவ திட்டாதீங்க மாமா," ன்னு கத்திட்டேன்.