ஏணி பிடிக்கச் சொன்னவர்

முள்ளுக்குறிச்சியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அடுத்த தோட்டத்துச் செல்லம்மாள் அக்காவின் மகன் போன் செய்தான். “அம்மா போயிட்டாங்க மாமா.” மலையேறும் வழியெல்லாம் மூடுபனி. வளைவுக்கு வளைவு பஸ் மிதந்துபோவது போலிருந்தது. நான் அழவில்லை. உள்ளங்கைகளை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் அக்காவை அறிந்தவர்களுக்கு என் கதையும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். எல்லைத் தகராறில் ஆத்திரம் கண்ணை மறைக்க, அவருடைய மிளகுக்கொடிகளை அடியில் வெட்டியவன் நான். வெட்டிய கொடி உடனே வாடுவதில்லை. சில நாள் பச்சையாகவே நிற்கும். அது தெரியாமல் அக்கா அவற்றுக்கு நடுவே நடந்துபோனதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கோர்ட்டில் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெளியே வந்து என்னிடமே சொன்னார்: “பண்ணுன தப்புக்கு நீ உள்ள போகோணும் கண்ணு. இல்லீன்னா நாளைக்கு ஆரு வேணும்னாலும் ஆரு கொடியவும் வெட்டுவாங்க. ஆனா போனவன் திரும்பி வாரதுக்கு ஊருன்னு ஒண்ணு இருக்கோணும்.” பின்பாதி என் காதில் ஏறவில்லை. அன்று அவர்மேல் எனக்குப் பொல்லாத கோபம்.

ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டுத் திரும்பினேன். யாரும் திட்டவில்லை, பேசவுமில்லை. மிளகுப் பறிப்புக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கம் மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறுவோம். ஏறுகிறவர் உயிர் கீழே பிடிப்பவர் கையில். பகையாளியை அதற்கு நிறுத்துகிற வழக்கமே கிடையாது.

ஒரு காலையில் அக்கா என் வாசலுக்கே வந்தார். “வா கண்ணு, ஏணி புடிக்கோணும்.”

தோட்டத்தில் பக்கத்துக்காட்டுப் பெரியவர் மறித்தார். “ஏனாத்தா, இவன நம்பியா ஏறுற?”

“கோர்ட்டுல போட்ட தண்டன முடிஞ்சு போச்சுங்க. அதுக்கு மேல ஒரு நாள் சேக்கறதுக்கு நாம ஆருங்க?”

சொல்லிவிட்டு ஏறினார். பனிக்குள் முதலில் தலை மறைந்தது, பிறகு இடுப்பு, கடைசியில் அந்த வெடித்த குதிகால்கள். மேலே யாருமே இல்லாதது போலிருந்தது. மூங்கில் மட்டும் என் கையில் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

“புடிச்சிருக்கியா கண்ணு?” வெண்மைக்குள்ளிருந்து குரல் வந்தது.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். பதில் சொல்லாமல் ஏணியை இறுக்கிப் பிடித்தேன்.

நேற்று அக்காவைத் தூக்கிச் செல்ல, மகன் என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டான். பெரியவர் நகர்ந்து எனக்கு வழிவிட்டார். அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, உள்ளங்கையில் அந்த மூங்கிலின் அசைவு ஒன்றுதான். அன்று சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

புடிச்சிருக்கேன் அக்கா.